சரியான தோட்டாவைத் தெரிந்தெடுத்த மனிதர் - கென்னத் ஆண்டர்சன்

(இறுதியாண்டு மெக்கானிக்கல் மாணவன்)



மலரில் கட்டுரை எழுதணும் என்றால் நம்ம ஆட்கள் உடனே அப்துல் கலாம், எடிசன், விஸ்வேஸ்வரய்யா என்று ஆரம்பித்து விடுவோம். அவர்களெல்லாம் மாமேதைகள்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் நான் இங்கே எழுதப் போவது ஒரு வேட்டைக்காரரைப் பற்றி. பாலிடெக்னிக் மலருக்கும் வேட்டைக்காரருக்கும் என்னப்பா சம்பந்தம் என்று நீங்கள் சிரிக்கலாம். சம்பந்தம் இருக்கிறது. அவர் பகலில் ஒரு தொழிற்சாலையின் திட்டமிடல் மேனேஜர். லீவு கிடைத்தால் காட்டில் ஆட்கொல்லிப் புலிக்காகப் பரண் மேல் உட்கார்ந்திருப்பவர். எந்த வேலைக்கு எந்தக் கருவி, எந்தக் கருவிக்கு எவ்வளவு சக்தி என்று கணக்குப் பார்ப்பதுதானே நாம் மூணு வருஷமாகப் படிக்கிற படிப்பு? அதை உயிரைப் பணயம் வைத்துச் செய்தவர் கென்னத் ஆண்டர்சன்.

பிறப்பும் படிப்பும்

கென்னத் டக்ளஸ் ஸ்டூவர்ட் ஆண்டர்சன் 1910-ஆம் ஆண்டு மார்ச் 8-ஆம் தேதி ஹைதராபாத்துக்குப் பக்கத்திலுள்ள பொலாரத்தில் பிறந்தார். ஸ்காட்லாந்து வம்சம். ஆனால் பல தலைமுறைகளுக்கு முன்பே அந்தக் குடும்பம் இந்தியாவில் வேரூன்றி விட்டது. அப்பாவுக்கு இராணுவத்தினரின் சம்பளக் கணக்குகளைப் பார்க்கும் அலுவலகத்தில் உத்தியோகம். கென்னத் படித்ததெல்லாம் பெங்களூரில்தான். பிஷப் காட்டன் பள்ளி, பிறகு செயின்ட் ஜோசப் கல்லூரி. மகன் வக்கீல் ஆக வேண்டும் என்று எடின்பர்க் நகரத்துக்குச் சட்டம் படிக்க அனுப்பி வைத்தார்கள். அவருக்கு அங்கே மனசு ஒட்டவில்லை. படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு இந்தியாவுக்கே திரும்பி வந்துவிட்டார்.

வந்தவர் தபால் தந்தித் துறையில் சுமார் பதினைந்து வருடம் வேலை பார்த்தார். அதன்பின் பெங்களூர் விமானத் தொழிற்சாலையில் சேர்ந்து, திட்டமிடல் பிரிவின் ஃபேக்டரி மேனேஜராக உயர்ந்தார். 1940-இல் தொடங்கப்பட்டு, இன்றைக்கு ஹெச்.ஏ.எல். என்று நாம் அப்ரண்டிஸ் அப்ளிகேஷன் போடுகிறோமே, அதே தொழிற்சாலைதான்! கன்னடமும் தமிழும் பேசுவார். ஸ்டூடிபேக்கர் கார் இருந்தும், காட்டுக்குப் போகும்போது பழைய ஃபோர்டு மாடல் டி வண்டியைத்தான் எடுத்துக்கொண்டு போவார். காட்டு ரோட்டுக்கு எது தாங்கும் என்று தெரிந்தவர்.

சேலம் ஜில்லாக் காடுகள்

ஆண்டர்சன் பெயரைச் சொன்னால் மைசூர்க் காடுகள்தான் பலருக்கு ஞாபகம் வரும். ஆனால் அவருடைய புகழ்பெற்ற வேட்டைகளில் பல நம்ம தமிழ்நாட்டில் நடந்தவை. ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, பென்னாகரம், ஒகேனக்கல், ஏலகிரி, நீலகிரியின் சேகூர்... அப்போது தர்மபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் தனி மாவட்டம் இல்லை. எல்லாமே சேலம் ஜில்லாவுக்குள் அடக்கம். 1965-இல் தர்மபுரியும், 2004-இல் கிருஷ்ணகிரியும் தனியாகப் பிரிந்தன.

ஒரு காலத்தில் கும்மளாபுரம் வட்டாரத்தில் ஒரு சிறுத்தை 42 பேரைக் கொன்றது. பொழுது சாய்ந்தால் வெளியே வர ஆள் கிடையாது. அதைச் சுட்டது ஆண்டர்சன். அந்த வேட்டையில் அவரை எச்சரித்துக் காப்பாற்றியது ஒரு சாதாரணத் தெருநாயின் உறுமல்! நன்றி மறக்காத மனிதர், அந்த நாயைப் பெங்களூருக்குக் கூட்டிப் போய் நிப்பர் என்று பேர் வைத்து வளர்த்தார். 1957-இல் மைசூர் ராஜ்ஜியத்து அரசிகெரே பக்கம் ஒரு கரடி குறைந்தது 12 பேரைக் கொன்று, இன்னும் பலரின் முகத்தைக் கிழித்துக் குற்றுயிராக்கியது. அந்தக் கரடியின் கதையை முடித்ததும் இவர்தான்.

1939 முதல் 1966 வரை அரசாங்கப் பதிவேட்டில் அவர் பேரில் உள்ள கணக்கு: ஆட்கொல்லிச் சிறுத்தை 8, ஆட்கொல்லிப் புலி 7. உண்மையில் இதைவிட அதிகம் என்று சொல்பவர்களும் உண்டு. பதிவில் உள்ளதே நமக்குப் போதும்.

சின்னாறு ஓரத்தில் பைரா என்றொரு பழங்குடி மனிதர் இருந்தார். ஆற்றங்கரையில் ஒரு குழிதான் அவருக்கு வீடு. நாட்டுத் துப்பாக்கியோடு திருட்டு வேட்டைக்குப் பதுங்கியிருந்தபோதுதான் ஆண்டர்சன் அவரை முதலில் பார்த்தார். பிடித்துக் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பேசினார். அது பல வருட நட்பாக மாறியது. கால்தடம் பார்ப்பது, காட்டின் சத்தங்களைப் பிரித்துக் கேட்பது என்று பல விஷயங்களில் அந்தத் துரைக்குப் பைரா வாத்தியார். எழுதப் படிக்கத் தெரியாத ஒருவரை மேனேஜர் ஒருவர் குருவாக ஏற்றுக்கொண்டார் என்பதை, எங்கள் வீட்டிலேயே முதன்முதலாகப் படிக்க வந்திருக்கிற நான் ரொம்ப மதிக்கிறேன்.

அந்த ஒரு ரைஃபிள்

ஆண்டர்சனின் கையில் எப்போதும் இருந்தது வின்செஸ்டர் கம்பெனியின் 1895 மாடல் ரைஃபிள். ஜான் பிரௌனிங் என்ற மாபெரும் வடிவமைப்பாளர் உருவாக்கியது. விசைக்குக் கீழே உள்ள லீவரை முன்னால் தள்ளி இழுத்தால் காலித் தோட்டா வெளியே விழும், அடுத்த தோட்டா உள்ளே ஏறும். நம்ம தியரி ஆஃப் மெஷின்ஸ் பாடத்தில் வரும் லிங்க் மெக்கானிசம்தான், வேறொன்றுமில்லை! அதில் அவர் போட்டது .405 வின்செஸ்டர் என்ற தோட்டா. 1904-இல் வந்தது. அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த தியோடர் ரூஸ்வெல்ட் 1909-இல் ஆப்பிரிக்காவுக்குச் சிங்க வேட்டைக்குப் போனபோது கொண்டு போனதும் இதே தோட்டாவைத்தான்.

இங்கே கொஞ்சம் பாடம். தோட்டா வேறு, குண்டு வேறு. பித்தளைக் கூடு, அடியில் பொறி கொடுக்கும் கேப், உள்ளே மருந்து, முனையில் குண்டு - இந்த நாலும் சேர்ந்தது தோட்டா. மெட்டீரியல் சயின்ஸில் காட்ரிட்ஜ் பிராஸ் என்று 70 சதவீதம் செம்பு, 30 சதவீதம் துத்தநாகம் மனப்பாடம் செய்தோமே, அந்தப் பேர் வந்ததே இதனால்தான். வெடிக்கும்போது அந்தக் கூடு விரிந்து அறையை அடைத்துக்கொள்ளும், வாயு பின்னால் கசியாது. அழுத்தம் குறைந்ததும் கொஞ்சம் சுருங்கிக் கொடுக்கும், லீவரை இழுத்தால் கழன்று வரும். மேலே படிப்பது பரீட்சைக்கும் உதவும் நண்பர்களே!

இப்போது கணக்குக்கு வருவோம். .405 குண்டின் எடை 300 கிரெய்ன், அதாவது 19.4 கிராம். வேகம் வினாடிக்குச் சுமார் 670 மீட்டர். அரை எம்.வி. ஸ்கொயர் போட்டுப் பாருங்கள். ஏறக்குறைய 4,350 ஜூல்! சின்ன .22 தோட்டாவுக்கு இது 140 ஜூல் அளவுதான். முப்பது மடங்குக்கு மேல் வித்தியாசம்.

சக்தி அதிகம் என்றால் எல்லாவற்றிலும் அதிகம் என்று நினைக்கக் கூடாது. இந்தக் குண்டு மொட்டை முனை, கனமானது, வேகம் சுமார்தான். காற்றுத் தடையை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டாலே 200 மீட்டர் போவதற்குள் 44 சென்டிமீட்டர் கீழே இறங்கிவிடும். காற்றையும் சேர்த்தால் இன்னும் மோசம். தூரத்துக் குறிக்கு இது உதவாது. ஆனால் ஆண்டர்சன் வேட்டை எப்படி நடந்தது? ராத்திரி நேரம், ரைஃபிள் குழலோடு கட்டிய டார்ச் லைட், பரணுக்குக் கீழே சில கஜ தூரத்தில் புலி. அங்கே தூரம் பிரச்சினை இல்லை. 200 கிலோ புலியை ஒரே அடியில் உட்கார வைக்க வேண்டும். தப்பினால் அடுத்த தோட்டா உடனே ஏற வேண்டும். அதற்குக் கனமான மென்முனைக் குண்டும், சட்டென்று இயங்கும் லீவரும் கச்சிதமான ஜோடி. மென்முனை என்பது உடம்பில் பட்டதும் காளான் போல விரிந்து, தன் சக்தி முழுவதையும் உள்ளேயே இறக்கிவிடும். யானைக்கு இது ஆகாது. அங்கே விரியாமல் துளைத்துப் போகும் கெட்டிக் குண்டு வேண்டும்.

ஜிம் கார்பெட் வைத்திருந்தது வேறு. அவருக்கு 7 மில்லிமீட்டர் ரிக்பி பிரியமானது. 125 பேரைக் கொன்ற ருத்ரப்ரயாக் சிறுத்தையை 1926-இல் முடித்தது அந்தச் சின்னக் குண்டுதான். சிறுத்தை புலியைவிட எவ்வளவோ இலேசான மிருகம், அதற்கு அது தாராளம். ஆக, எது நல்ல தோட்டா என்ற கேள்வியே தப்பு. எதற்கு, எவ்வளவு தூரத்தில், எந்த இடத்தில் என்று கேட்க வேண்டும்.

இதில் சட்டமும் உண்டு. 1907-இல் பிரிட்டிஷ் அரசாங்கம் இராணுவத்தின் பழைய .450 துப்பாக்கிகளுக்குத் தோட்டா போய்ச் சேர்ந்து விடக்கூடாது என்று, அந்த அளவை இந்தியாவில் பொதுமக்களுக்குத் தடை செய்தது. லண்டன் கம்பெனிகள் உடனே .470, .465 என்று புதுப்புது அளவுகளைச் செய்தார்கள். நம்ம நாட்டு ஆர்டினன்ஸ் தொழிற்சாலைகள் சிவிலியன்களுக்காக .315 ரைஃபிள் செய்வதும், இராணுவத் தோட்டா அதில் பொருந்தக் கூடாது என்பதால்தான். 1966 முதல் நம்ம திருச்சியிலும் ஒரு துப்பாக்கித் தொழிற்சாலை ஓடுகிறது என்பது உங்களுக்குத் தெரிந்ததே.

தப்பான தோட்டா செய்யும் கேடு

ஆட்கொல்லி எப்படி உருவாகிறது? ஆண்டர்சனும் கார்பெட்டும் திரும்பத் திரும்பச் சொன்ன காரணங்களில் ஒன்று, சாகாமல் காயம்பட்டுத் தப்பிய மிருகம். நாட்டுத் துப்பாக்கியில் ஆணியும் ஈயத்துண்டும் போட்டு ஒருவன் சுடுகிறான். புலி சாகவில்லை. தாடையோ காலோ போய்விட்டது. மானைத் துரத்த முடியவில்லை. அப்புறம் எதைப் பிடிக்கும்? மெதுவாக நடக்கிற மனுஷனைத்தான். 436 பேரைக் கொன்ற சம்பாவத் பெண்புலியைக் கார்பெட் 1907-இல் சுட்டு வீழ்த்திப் பார்த்தபோது, அதன் வலப்பக்கக் கோரைப்பற்கள் மேலும் கீழும் உடைந்திருந்தன. பழைய துப்பாக்கிக் காயம்! ஜவளகிரிப் பெண்புலியின் கதையும் குறி தவறிய ஒரு குண்டில் ஆரம்பித்ததுதான். யாரோ ஒருவர் போட்ட அரைகுறைக் குண்டுக்கு, சம்பந்தமே இல்லாத விறகு பொறுக்குகிற அம்மாக்களும் மாடு மேய்க்கிற பிள்ளைகளும் உயிரை விட்டார்கள்.

நம்ம மதுரைச் சீமைக்கு வருவோம்

புலி எல்லாம் மலையில். நம்ம மதுரைச் சமவெளியில் என்ன இருக்கிறது? நரி. நரியைப் பரியாக்கிய லீலை நடந்த ஊர் நம்ம ஊர். ஆவணி மூலத் திருவிழாவில் வருஷா வருஷம் பார்க்கிறோம். நல்லது நடந்தால், இன்னைக்கு நரி முகத்துல முழிச்சிருக்கான்டா என்போம். ஆனால் நம்மில் எத்தனை பேர் உண்மையான நரியைப் பார்த்திருக்கிறோம்?

அமெரிக்காவில் நம்ம நரிக்குச் சொந்தக்காரன் மாதிரி கயோட்டி என்று ஒரு விலங்கு. ஆட்டுக்குட்டி, கன்றுக்குட்டிகளைத் தூக்குகிறது என்று அங்கே பண்ணைக்காரர்கள் சுடுவார்கள். அதற்கென்றே தனித் தோட்டாக்கள். 1930-இல் .22 ஹார்னெட், 1935-இல் .220 ஸ்விஃப்ட், 1950-இல் .222 ரெமிங்டன். இதில் ஸ்விஃப்ட் குண்டு வெறும் 3.1 கிராம்தான், ஆனால் வேகம் வினாடிக்கு 1,250 மீட்டர்! முன்னால் போட்ட அதே கணக்கைப் போட்டால் 200 மீட்டருக்கு இறக்கம் 13 சென்டிமீட்டர் கூட இல்லை. கிட்டத்தட்ட நேர்கோடு. வெட்டவெளியில் தூரத்தில் நிற்கும் சின்ன மிருகத்துக்கு அதுதான் தேவை. இன்னொரு காரணமும் உண்டு. இந்த இலேசான குண்டு தரையில் பட்டால் பெரும்பாலும் சிதறிப்போகும், தெறித்துப் பறக்காது. ஆண்டர்சனின் கனத்த குண்டு கெட்டித் தரையில் பட்டால் தெறித்து எங்கேயோ போகும். பத்து கிலோ நரிக்கு 4,350 ஜூல் என்பது, கொசு அடிக்கச் சம்மட்டி எடுப்பது மாதிரி. மீதிச் சக்தி யார் தலையில் விழும் என்பதுதான் கேள்வி.

அமெரிக்கக் கணக்கு அமெரிக்காவுக்குச் சரி. அங்கே மைல் கணக்கில் ஆள் நடமாட்டமே இல்லாத புல்வெளி. இங்கே? மேலூர்ப் பக்கமோ உசிலம்பட்டிப் பக்கமோ ஒரு கண்மாய்க் கரையில் நின்று பாருங்கள். எந்தத் திசையில் திரும்பினாலும் ஒரு ஊர், ஒரு டீக்கடை, ஆடு மேய்க்கிற ஒரு பெரியவர். சின்ன .22 குண்டே ஒன்றரை கிலோமீட்டர் வரை ஆபத்து. அதுபோக நரி சாப்பிடுவது பெரும்பாலும் எலி, நண்டு, செத்தது, விழுந்த பழம். எலி தின்கிற நரி விவசாயிக்குக் கூலி வாங்காத காவல்காரன். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வேட்டையாடுவது குற்றம். ஆக, நரிக்குச் சரியான தோட்டா எது என்று என்னைக் கேட்டால், தோட்டாவே வேண்டாம் என்பேன்.

பன்றிப் பிரச்சினை மட்டும் வேறு. அது நிஜம். எங்கள் வீட்டில் குத்தகைக்கு எடுத்த கடலைக் காட்டில் ஒரே ராத்திரியில் பன்றிக் கூட்டம் உழுது போட்டுவிட்டுப் போனதைப் பார்த்தவன் நான். என் அப்பாவுக்குக் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும். மாசி பனியில் தகர டின்னைத் தட்டிக்கொண்டு ராத்திரி முழுக்க உட்கார்ந்திருப்பார். அந்தக் கடலையில்தான் என் செமஸ்டர் ஃபீஸ் இருக்கிறது. ஒரு துப்பாக்கி மட்டும் இருந்தா போதும் என்று அவர் சொல்லும்போது எனக்கு எதிர்த்துப் பேச வாய் வராது.

ஆனால் துப்பாக்கி கிடைக்காதவன் என்ன செய்கிறான் தெரியுமா? அவுட்டுக்காய் வைக்கிறான். பன்றிக்கு வைத்ததை மாடு கடித்து வாய் கிழிகிறது. இல்லையென்றால் கரண்ட் வேலி போடுகிறான். எங்கள் பக்கத்து ஊரில் அப்படிப் போட்ட வேலியில், ராத்திரி மோட்டார் போடப் போன மனுஷன் மாட்டிச் செத்துப் போனார். அவருக்கு என் அப்பா வயசு. படித்துக் கொண்டிருந்த அவர் பையன் இப்போது லாரியில் கிளீனர். 230 வோல்ட் என்ன செய்யும் என்று நம்ம எலக்ட்ரிக்கல் நண்பர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தப்பான தோட்டா ஆட்கொல்லியை உண்டாக்கியது அந்தக் காலம். தப்பான வேலி தானே ஆட்கொல்லி ஆவது இந்தக் காலம்!

2025 ஜனவரியில் தமிழக அரசு ஒரு முடிவை அறிவித்தது. காப்புக்காட்டு எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் வரும் பன்றியைச் சுடக்கூடாது. ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டருக்குள் என்றால் பிடித்துக் காட்டில் விட வேண்டும். மூன்றைத் தாண்டினால் பயிற்சி பெற்ற வனத்துறையினர் சுடலாம். விவசாயி கையில் துப்பாக்கி இல்லை, பயிற்சி பெற்றவர் கையில் மட்டும். ஆண்டர்சனின் பாடத்தைப் பார்த்தால் இதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஆனால் மனு கொடுத்து ஆள் வருவதற்குள் கடலை போய்விடும் என்று எங்கள் ஊர்க்காரர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இந்த இரண்டு நியாயத்துக்கும் நடுவில் உள்ள இடைவெளியை அடைக்க வேண்டியது யார்? பேட்டரியில் ஓடி, உதறி விரட்டுமே தவிர உயிரை எடுக்காத சோலார் வேலி, ஆள் நடமாட்டம் அறியும் சென்சார் விளக்கு, சைரன்... இதெல்லாம் நம்ம புராஜெக்ட் வேலை இல்லாமல் வேறென்ன?

கடைசிக் காலம்

ஆண்டர்சன் வேட்டைக் கதைகளைப் புத்தகமாக எழுதினார். முதல் புத்தகம் 1954-இல் வந்தது. கடைசிப் புத்தகம் அவர் மறைந்த பிறகு 1976-இல் வெளிவந்தது. அவற்றைப் படித்தவர்கள் ஒரு விஷயத்தைக் கவனித்திருப்பார்கள். சுட்ட கணக்கைவிட, காட்டின் ராத்திரிச் சத்தங்களையும், அழிந்து வரும் மரங்களையும், கிராமத்து ஏழை மனிதர்களையும் பற்றித்தான் அவர் அதிகம் உருகியிருப்பார். காடு தன் கண் முன்னே சுருங்குவதைப் பார்த்து வேதனைப்பட்டவர் அவர்.

காலம் அவர் கண் முன்னாலேயே மாறியது. 1970-இல் புலி வேட்டைக்குத் தடை. 1972-இல் வனவிலங்குச் சட்டம். 1973-இல் புலிகள் பாதுகாப்புத் திட்டம். 1974 ஆகஸ்ட் 30-ஆம் தேதி புற்றுநோயால் பெங்களூரில் அவர் காலமானார். அப்போது அவருக்கு வயது 64.

அவர் சுற்றித் திரிந்த ஜவளகிரி, அஞ்செட்டிக் காடுகள் 2022-இல் காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயம் ஆகிவிட்டன. நம்ம வைகை பிறக்கிற மேகமலை, 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம் ஆனது. அங்கே காடு இருந்தால்தான் இங்கே நம்ம மதுரைக் குழாயில் தண்ணீர். ஆண்டர்சன் காலத்தில் புலியிடமிருந்து மனிதனைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. இப்போது மனிதனிடமிருந்து புலியையும் காப்பாற்ற வேண்டியிருக்கிறது.

நாம் கற்க வேண்டியது

நண்பர்களே! நாளை நாம் ஏதாவது ஒரு கம்பெனியில் நிற்போம். ஒரு போல்ட்டோ, ஒரு ஃபியூஸோ, ஒரு வால்வோ தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். பெரிசா இருந்தா நல்லது என்று எடுக்கக் கூடாது. கையில் கிடைத்ததை மாட்டிவிட்டும் போகக் கூடாது. வேலை என்ன, அளவு என்ன, தப்பினால் பாதிக்கப்படப் போவது யார் என்ற மூன்று கேள்வியையும் கேட்க வேண்டும். விசையை அழுத்திய பிறகு குண்டைத் திரும்பக் கூப்பிட முடியாது. குண்டுக்கு மட்டுமல்ல, ஒரு டெக்னீஷியன் போடும் கையெழுத்துக்கும் அது பொருந்தும்.

சிந்திப்போம்! சரியாகத் தேர்ந்தெடுப்போம்!